நேர்ந்துவிட்ட கையெழுத்து

கடியப்பட்டணத்தில் எலாடியோ பெரேராவைத் தெரியாத ஆண்பிள்ளைகள் குறைவு. தென்னமெரிக்காவில் எங்கோ பிறந்து ஐரோப்பாவில் எங்கோ ஃபுட்பால் விளையாடிய கோல்கீப்பர் அவர், ஊர்ப் பேச்சில் கோலி. இப்படி ஒரு ஊர் கடலோரத்தில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பெயரின் பின்பாதி பெரேரா என்று அமைந்துவிட்டது. தெருவுக்கு நாலு பெரேரா இருக்கிற ஊருக்கு அது போதாதா? டிவியில் அவர் பந்தைப் பிடித்தால் நம்ம ஆளு என்றார்கள். விட்டுவிட்டால் பந்து நனைந்திருக்கும் என்றார்கள்.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் சிலுவை, ஊர் டீமின் கோலி. பெனால்டி அடிக்கிறவன் கால் பந்தில் படும்வரை இமைகூட அசையாமல் நிற்பது பெரேராவின் வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்தே பழகியவன் சிலுவை. இன்னொருவன் அவனுடைய கூட்டாளி ஆன்ட்ரூஸ். ஆன்ட்ரூஸுக்கு விளையாட்டு வராது, நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். விளையாடத் தெரியாதவனுக்கு விளையாட்டின் மேல் ஆசை இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அவன் சேர்த்து வைக்கிறவன் ஆனான்.

சார்ஜாவில் ஒரு பெரிய கடையில் பொம்மைப் பகுதியில் அவனுக்கு வேலை. அங்கேதான் அந்த கார்டு பாக்கெட்டுகளை முதலில் பார்த்தான். வெள்ளித்தாள் உறைக்குள் ஃபுட்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். யார் படம் வரும் என்பது பிரித்தால்தான் தெரியும். ஆயிரத்தில் ஒன்றாக, அந்த வீரரே தன் கையால் கையெழுத்துப் போட்ட அட்டையும் வரும். கூட இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை லீவில் சம்பளத்தை பிரியாணியிலும் போன் கார்டிலும் விட்டார்கள். ஆன்ட்ரூஸ் வெள்ளித்தாள் உறையில் விட்டான். அட்டைகளை பிளாஸ்டிக் பைகள் வைத்த ஆல்பத்தில் அடுக்கி, விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பான். ஒரே அறையில் படுத்த தூத்தூர்க்காரன் ஒருவன், இவன் பொண்டாட்டி படத்தைக்கூட இவ்வளவு பதமாகப் பிடிக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு பாக்கெட்டில் பெரேராவின் பெயர் வந்தது. படம் வரவில்லை, கையெழுத்தும் வரவில்லை. சாம்பல் நிற அட்டையில் அவர் பெயரும் கீழே சுரண்டிப் பார்க்க ஒரு வெள்ளிப் பட்டையும் மட்டும் இருந்தன. இதற்கு ரிடெம்ப்ஷன் என்று பெயர். வீரர் இன்னும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை, அதற்குள் பாக்கெட்டை விற்க வேண்டிய நாள் வந்துவிட்டது, ஆகையால் இந்த அட்டையில் உள்ள எண்ணை எங்கள் இணையதளத்தில் பதிந்து வையுங்கள், கையெழுத்து வந்ததும் தபாலில் அனுப்புகிறோம் என்று அமெரிக்கக் கம்பெனி தருகிற வாக்கு அது. வாக்கைக் காசுக்கு விற்கிற வியாபாரம் என்பது ஆன்ட்ரூஸுக்கு அப்போது தோன்றவில்லை. அவன் தலை கால் புரியாமல் நின்றான். அன்றைக்கே எண்ணைச் சுரண்டிப் பதிந்து, சிலுவைக்குப் போன் போட்டான். சிலுவை நம்பவில்லை. மாதாமேல் ஆணையாக என்று இரண்டு முறை சொல்லவைத்துத்தான் நம்பினான்.

இணையதளத்தில் ஆன்ட்ரூஸின் கணக்கைத் திறந்தால் பெரேரா பெயருக்கு நேராக 'காத்திருப்பில்' என்று மஞ்சள் எழுத்தில் இருக்கும். வீட்டு விலாசமாகக் கடியப்பட்டணத்தைக் கொடுத்தான். மூன்று நான்கு மாதம் ஆகலாம் என்று போட்டிருந்தது. மறு வருஷம் சார்ஜா கடையை மூடி ஆட்களை அனுப்பியபோது அவன் ஊருக்கே வந்துவிட்டான். அப்போதும் எழுத்து மஞ்சளாகவே இருந்தது. ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான். ரீசார்ஜ், ரயில் டிக்கெட், ஆதார் திருத்தம் எல்லாம் உண்டு. காலையில் கடையைத் திறந்து, அந்தோணியார் படத்துக்குப் பத்தி கொளுத்திய கையோடு கம்ப்யூட்டரில் பார்க்கிற முதல் காரியம் அந்த மஞ்சள் எழுத்துதான்.

கம்பெனிக்கு எழுதினான். டானா என்ற பெயரில் ஒரு பெண் பதில் போட்டாள். உங்கள் பொறுமைக்கு நன்றி, அட்டைகளில் ஒட்டுவதற்காக வீரர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய ஒட்டுத்தாள்கள் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் தெரிவிப்போம். பிறகு ஒரு முறை எழுதியதற்கும் அதே பதில், புள்ளிகூட மாறவில்லை. டானா என்று ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அவனைப் போலச் சேர்க்கிறவர்கள் கூடிப் புலம்புகிற இணைய அரட்டையில் போய்ப் பார்த்தான். அங்கே உலகத்து மூலைமுடுக்கிலெல்லாம் பெரேராவுக்காகக் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஒட்டுத்தாள்கள் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதாம், அவர் மனைவி அதன்மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறாளாம் என்று ஒருவன் எழுதியிருந்தான். பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சைக்கிள் ஆன்ட்ரூஸின் மனதிலிருந்து இறங்கவில்லை.

இதெல்லாம் ஒரு மனிதனின் பொழுதுபோக்குச் சங்கடம். இதோடு நின்றிருந்தால் அவன் பாடு அவனோடு போயிருக்கும்.

ஊருக்கு வந்த அந்த வருஷ மழைக்காலத்தில் மகள் அபினாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அஞ்சு வயசுப் பிள்ளை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். டாக்டர்கள் ஒன்றும் சொல்லாமல் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒரு நாள் காலையில் அவன் மனைவி கிரேசி, ஒரு எட்டு ஊருக்குப் போய் வருகிறேன் என்று பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தபோது முழங்காலெல்லாம் மணலாக இருந்தது. கடற்கரைக் குருசடியில், அந்தோணியார் சொரூபத்தின் முன் முட்டுப்போட்டு நேர்ந்துவிட்டு வந்திருந்தாள்.

என்ன நேர்ந்தாய் என்று ஆன்ட்ரூஸ் கேட்டான். காது கம்மலாக இருக்கும் என்று நினைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், பிள்ளை எழுந்து நடந்தால் அமெரிக்காவிலிருந்து வருகிற அந்த கோலியின் கையெழுத்தைத் திருவிழா ஏலத்தில் வைப்பதாக நேர்ந்தேன் என்றாள்.

ஆன்ட்ரூஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கோபப்படுகிறோமே என்ற வெட்கம் பிறகுதான் வந்தது.

"நகைய நேர்ந்தா எனக்குத்தான் வலிக்கும்," என்றாள் கிரேசி. "ஒங்களுக்கு வலிக்காது. பிள்ள ரெண்டு பேருக்கும் உள்ளதுதானே. ஒங்களுக்கும் வலிக்கட்டும்னுதான் அத நேர்ந்தேன்."

"அது இன்னும் வரவே இல்லையே, கிரேசி."

"கடல்ல கெடக்க மீன நேரலியா? அது மட்டும் கையிலயா இருக்கு?"

இன்னும் பிடிபடாத மீனையும் ஈனாத கன்றையும் காய்க்காத தென்னையையும் நேர்ந்துவிடுகிற ஊர் அது. வலை வீசும்போதே முதல் மீன் அந்தோணியாருக்கு என்று சொல்லித்தான் வீசுவார்கள். கன்று பிறந்தால் அதே கன்றைத்தான் திருவிழாவுக்கு ஓட்டி வர வேண்டும். அது செத்துவிட்டால் வேறு விஷயம். உயிரோடு இருக்கும்போது பக்கத்து வீட்டுக் கன்றை மாற்றி ஓட்டி வந்தவன் யாரும் உருப்பட்டதாகக் கேள்வி இல்லை. ஏலத்தில் நேர்ந்த குடும்பம் தன் பொருளைத் தானே பிடிக்கவும் கூடாது. அடுத்தவன் பிடித்துக் கொண்டுபோக, அதைப் பார்த்து நிற்க வேண்டும்.

அபினா பிழைத்தாள். கண் திறந்தாள், கஞ்சி கேட்டாள், ஒரு மாதத்தில் வீட்டுக்குள் ஓடவும் செய்தாள். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. காய்ச்சல் ஏறவிடாதீர்கள், ஏறினால் ஜன்னி வரலாம், வந்தால் இந்த முறை போல இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

அடுத்த ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா வந்தது. கையெழுத்து வரவில்லை. அதற்கடுத்த திருவிழாவுக்கும் வரவில்லை. ஏலம் நடத்துகிற குருசடிக் கமிட்டி ஏசுஅடிமை, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கிரேசியிடம் இந்த வருஷமாவது உண்டா என்று கேட்டார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான். கிரேசிக்கு அது ஊருக்கு முன்னால் முகத்தில் துப்பியது போலப் பட்டது. பிள்ளை தங்களிடம் சும்மா தரப்படவில்லை, திரும்பக் கேட்கப்படலாம் என்ற எண்ணம் அவளுக்குள் வேர் பிடித்துவிட்டது. அபினாவின் உடம்பு லேசாகச் சுட்டாலும் போதும், வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஈரத்துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டபடி புருஷனைத் திரும்பிப் பார்த்து, கம்பெனிக்காரன் ஏதாவது சொன்னானா என்று கேட்பாள். காய்ச்சலுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பத்தில் அவன் சிரித்திருக்கிறான். போகப் போகச் சிரிப்பு வரவில்லை.

பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனான். சாமியார் நல்லவர், படித்தவர். நேர்ச்சையை மாற்றிக்கொள்ளத் திருச்சபையில் வழி இருக்கிறது, அதே மதிப்புக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள், அந்தோணியார் ஏற்றுக்கொள்வார் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். கிரேசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து குடையை விரித்ததும், "சாமியார் நல்லவருதான். ஆனா எனக்க பிள்ளைய எழுப்புனது அவரில்லியே," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால் அதே வாரம் டானாவும் அதையே எழுதியிருந்தாள். பெரேரா விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், கையெழுத்து எப்போது வரும் என்று உறுதி சொல்வதற்கில்லை, விரும்பினால் அதே மதிப்புள்ள வேறொரு வீரரின் கையெழுத்தை அனுப்புகிறோம் என்றாள். ஆன்ட்ரூஸ் கொதித்துப்போனான். மதிப்பு என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பெரேராவைக் கேட்டால் வேறு ஆளைக் கொடுப்பது என்ன நியாயம்? கல்யாணத்துக்குப் பேசின பெண்ணை விட்டுவிட்டு அதே எடையில் வேறு பெண்ணை அனுப்புவார்களா? இப்படியெல்லாம் சார்ஜா இங்கிலீஷில் எழுதி, வேண்டாம், நான் காத்திருக்கிறேன் என்று முடித்தான். அரட்டையில் அந்தக் கடிதத்தைப் போட்டபோது பலரும் கைதட்டினார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினான். சிலுவையும் உடன் ஏசினான். சிலுவைக்கு முழங்கால் போய், அப்போது விளையாட்டை விட்டிருந்தான். மீன்பிடிக்கப் போய் வருவதோடு சரி. ஆனால் வீட்டுச் சுவரில் பெரேராவின் படத்தை எடுக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்றைக்கு ஏலத்துக்கு வந்தாலும் அதை நான்தான் பிடிப்பேன், வேறு எவனாவது கை தூக்கினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தான்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில், திருவிழாக் கொடி ஏறி நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஆன்ட்ரூஸ் கடையில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். குருசடி ஒலிபெருக்கியில் பாட்டு நின்று ஏசுஅடிமையின் குரல் வந்தது. ஆன்ட்ரூஸ் கிரேசி குடும்பத்தாரின் நேர்ச்சைப் பொருள் அந்தோணியாரின் கிருபையால் இன்று அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது, எலாடியோ பெரேராவின் கையெழுத்து கடைசி நாள் ஏலத்தில் வைக்கப்படும் என்று அறிவித்தார். மெஷின் பாட்டுக்கு ஒரே சான்றிதழைத் துப்பிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். போஸ்ட்மேன் யேசுரத்தினம் பார்சலை வீட்டில் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டுத் தபால் வில்லையைப் பார்த்ததும் கிரேசி அதைப் பிரிக்கவில்லை, கடைக்கும் எடுத்து வரவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேரே குருசடிக்கு ஓடியிருக்கிறாள். சொரூபத்தின் காலடியில் வைத்து அழுதிருக்கிறாள். அங்கே நின்ற ஏசுஅடிமை கேட்டிருக்கிறார், அவள் சொல்லியிருக்கிறாள். ஆன்ட்ரூஸ் மூச்சு வாங்க ஓடி வீட்டுக்கு வந்தபோது பார்சல் மாதா படத்துக்கு முன் மேஜையில் இருந்தது. நீங்கதான் பிரிக்கணும் என்று சொல்லிக் கத்தரியைக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைக் கல்யாணத்தன்றுகூட அவன் பார்க்கவில்லை.

பிரித்தான். உள்ளே தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு அட்டை இருந்தது. கையுறை போட்ட ஒரு கோலி. குறுக்கே நீல மையில் ஒரு கிறுக்கல். அது பெரேரா இல்லை. ஐவோ ஹ்ராடெக் என்று போட்டிருந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள். நெடுநாள் நிலுவையில் உள்ளவற்றைக் கம்பெனியே பொருத்தமான மாற்றோடு முடித்துவைப்பது என்று புதிய விதி வந்திருக்கிறதாம். உங்கள் பொறுமைக்கு நன்றி. ஹ்ராடெக் யார் என்று ஆன்ட்ரூஸுக்குத் தெரியும். ஏதோ ஒரு நாட்டின் மூன்றாவது கோலி. டீமோடு போய், பெஞ்சில் உட்கார்ந்து, டீமோடு திரும்பி வந்தவன்.

துண்டுத்தாளை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான். அதற்குள் கிரேசி அட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரேராவின் முகத்தை அவள் ஒரு நாளும் உற்றுப் பார்த்தவள் இல்லை. அவளுக்குக் கையுறை போட்டவர் எல்லாம் கோலிதான், பொடி இங்கிலீஷ் எழுத்தில் இருந்த பெயரை அவள் படிக்கவில்லை. அபினாவைக் கூப்பிட்டு அட்டைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். பிள்ளை கொடுத்தாள். "தீந்துது மக்கா," என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தான் என்றும் சொல்லலாம். ஆனால் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லிவிட்டது. அவள் மூன்று வருஷம் கழித்து முதல்முறையாக நன்றாக மூச்சு விடுகிறாள். சாமியாரே மாற்றிக் கொடுக்கலாம் என்றுதானே சொன்னார் என்று தனக்குத்தானே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டான். அவனுக்குத் தேவைப்பட்டபோது அந்த நியாயம் கைக்குக் கிடைத்தது.

கடைசி நாள் பூசை முடிந்து ஏலம் தொடங்கியது. தூறல் விட்டிருந்தது. சேவல், பலாப்பழம், ஒரு கன்றுக்குட்டி, முதல் வலையில் பட்ட நெய்மீன் எல்லாம் போனபின், தட்டில் பட்டுத்துணி விரித்து அட்டையை வைத்துக்கொண்டு ஏசுஅடிமை மேடைக்கு வந்தார். பார்க்கிறவர்கள் கிட்ட வந்து பார்க்கலாம் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, சிலுவை முன்னால் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தான். அட்டையை ஓரத்தில் பிடித்து எடுத்தான். ஆன்ட்ரூஸ் சொல்லிக் கொடுத்த பிடி அது.

பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் ஆன்ட்ரூஸைத் தேடிப் பார்த்தான். ஆன்ட்ரூஸின் பக்கத்தில் கிரேசி கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றாள். சிலுவை கொஞ்ச நேரம் அப்படியே, பெனால்டிக்கு நிற்கிறது போல, அசையாமல் நின்றான்.

பிறகு அட்டையைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு தொகை சொன்னான். கூட்டம் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டது. மேலே கேட்க எவனுக்கும் வாய் வரவில்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ஏசுஅடிமை அவசரமாக முடித்தார். வேறு ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க விடாமல்தான் சிலுவை அப்படி ஒரேயடியாகக் கேட்டான் என்பது ஆன்ட்ரூஸுக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சிலுவை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். நேர்ச்சை நிறைவேறியது என்று மைக்கில் சொன்னார்கள். வெடி போட்டார்கள். கிரேசி சர்க்கரைப் பொங்கலை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கைநிறையக் கொடுத்தாள்.

மறுநாள் கடல் குமுறிக் கிடந்ததால் யாரும் போகவில்லை. வலை வைக்கிற கொட்டகையில் சிலுவை தனியாக உட்கார்ந்திருந்தான். ஆன்ட்ரூஸ் போய் எதிரில் உட்கார்ந்தான். சிலுவை அட்டையை எடுத்து வலைமேல் வைத்தான்.

"இவன் யாருலே?"

ஆன்ட்ரூஸ் பெயரைச் சொன்னான். பெஞ்சில் இருந்த கதையைச் சொன்னான். துண்டுத்தாளையும் எடுத்துக் காட்டினான். சிலுவை அதை வாங்கவில்லை.

"ஒரு மேட்ச்கூட வெளையாடலியா?"

"இல்ல."

"நேத்து நான் வாயத் தொறந்திருந்தா கிரேசி அந்த எடத்துலயே விழுந்திருப்பா. அதுக்குத்தான் பிடிச்சேன்," என்றான் சிலுவை. குரலில் கோபம் இருந்திருந்தால் ஆன்ட்ரூஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதைத் திருப்பி அனுப்பினால் பழைய வரிசையில் மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கலாம், பெரேரா என்றைக்காவது கையெழுத்துப் போடுவார், அப்போது சத்தமில்லாமல் உனக்குத் தந்துவிடுகிறேன் என்று ஆன்ட்ரூஸ் கெஞ்சினான். அதற்கு அட்டை வேண்டும், கொடு என்றான். சிலுவை தலையை ஆட்டினான். ஏலத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தால் நேர்ச்சை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், இப்போது ஏதோ ஒன்றாவது கொடுத்ததாக இருக்கிறது, அதையும் பிடுங்க வேண்டாம் என்றான். பெரேரா படத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கவும் மனம் இல்லை, கடலில் போடவும் பயம் என்றான். அட்டையை எடுத்து மறுபடி சட்டைக்குள் வைத்தான்.

ஆன்ட்ரூஸ் எழுந்து நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து சிலுவை சொன்னான்.

"கம்பெனிக்காரன நாலு வருசமா ஏசிட்டிருந்தியே மக்கா. அவன் ஒனக்குச் செஞ்சத நீ அந்தோணியாருக்குச் செஞ்சிட்ட."

ஆன்ட்ரூஸ் கடைக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்கைப் பார்த்தான். பெரேரா என்ற பெயரே அங்கே இல்லை. அந்த இடத்தில் ஹ்ராடெக் என்றும், நேராகப் பச்சை எழுத்தில் 'நிறைவேறியது' என்றும் இருந்தது. அந்தோணியார் படத்துக்கு அன்று பத்தி கொளுத்தவில்லை. கொளுத்த அவனுக்குக் கை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, விடாத மழை பெய்த ஒரு நாளில், பள்ளிக்கூடத்திலிருந்து அபினா நனைந்து வந்தாள். சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு படுத்தாள். உடம்பு சுட்டது. கிரேசி போன் பண்ணி அவனிடம் சொன்னாள், மருந்து கொடுத்தாயிற்று என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடி வந்துவிட்டான்.

வீட்டில் கிரேசி மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்றான். சாதாரண காய்ச்சல், நாளைக்கும் விடாவிட்டால் போகலாம் என்றாள். பழையபடி ஏறினால் என்ன செய்வாய் என்று அவன் சத்தம் போட்டான். இத்தனை வருஷம் அவள் கேட்ட கேள்வி அது. கிரேசி அடுப்பைத் தணித்துவிட்டு அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இனி எதுக்குப் பயப்படணும்? நேர்ச்ச தீந்தாச்சுல்லா."

சாப்பிட்டுவிட்டு அவள் பிள்ளைக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும்போது அவள் கண்ணை மூடி அவன் பார்த்ததே இல்லை. வேறு ஏதாவது நேர்ந்துகொள்ளலாமா என்று ஆன்ட்ரூஸுக்குத் தோன்றியது. பீரோவுக்குள் ஆல்பம் இருந்தது. மொத்தத்தையும் கொடுத்துவிடலாம். ஆனால் முதல் வாக்கையே மாற்றிக் கொடுத்தவன் எந்த முகத்தோடு இரண்டாவது வாக்கு கொடுப்பது? அந்த வாக்கை யாராவது வாங்கிக்கொள்வார்களா?

அவன் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து துணியை நனைத்துப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டான். கொஞ்ச நேரத்தில் எடுத்து, தொட்டுப் பார்த்து, மறுபடி நனைத்துப் போட்டான். கிரேசியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவள் பயந்த பயம் அத்தனையும் இப்போது அவனிடம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. பிள்ளையின் நெற்றி சுடுகிறதா, தன் கைதான் சுடுகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. துணியை மறுபடி நனைத்தான்.